கரைந்ததா, உருகியதா, கலங்கியதா?

பொருள்களின் நிலை, கலவை, கரைசல் பற்றி வீட்டில் எழும் கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சமையலறையிலிருந்து வந்தவை. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஆசிரியை இல்லை. இங்கே சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் கூடத்தில் 29 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள். மறுநாள் பாடத்துக்கு வேண்டிய கரைசல்களை முதல் நாளே தயாரித்து, புட்டிகளில் ஊற்றி, பெயர் ஒட்டி, தள்ளுவண்டியில் வைத்து வகுப்புக்கு அனுப்புவது என் வேலை. அங்கே எல்லாம் ஆங்கிலம். வீட்டுக்கு வந்தால் அம்மா, "புளி இன்னும் கரையலை", "வெண்ணெய் உருகிருச்சு, இறக்கு", "ரசம் தெளியட்டும், கலக்காதே" என்பார். பிள்ளைகள் பரீட்சைத் தாளில் மாற்றி மாற்றி எழுதி மதிப்பெண் இழக்கும் வேறுபாடுகளை அம்மா ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை. இதை நான் கவனிக்கவே பல ஆண்டுகள் ஆயின. அதனால்தான் இந்தப் பகுதியில் முதலில் அந்தச் சொற்களைக் கையில் எடுக்கிறேன்.

*கேள்வி: என் மகன் தொடக்கநிலை நான்கில் படிக்கிறான். தேநீரில் போட்ட சர்க்கரை "மெல்ட்" ஆனது என்று எழுதியதற்கு ஆசிரியர் தவறு போட்டுவிட்டார். "காணாமல்தானே போச்சு, ரெண்டும் ஒண்ணுதானே" என்று அவன் அழுகிறான். என்ன சொல்லிப் புரியவைப்பது? (ஒரு தாய், பொங்கோல்)*

முதலில் அவனிடம் தமிழில் கேட்டுப் பாருங்கள், தங்கச்சி. "சர்க்கரை உருகிச்சா, கரைஞ்சுச்சா?" என்றால் பெரும்பாலும் "கரைஞ்சுச்சு" என்றுதான் பதில் வரும். உள்ளுக்குள் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆங்கிலச் சொல்தான் இடம் மாறிவிட்டது.

பிறகு அவனைக் கோப்பிக்கடைக்கு அழைத்துப்போய் ஒரு தே ஓ பெங், அதாவது பாலில்லாமல் பனிக்கட்டி போட்ட தேநீர், வாங்கிக் கொடுங்கள். அந்த ஒரு கிளாஸில் இரண்டும் நடக்கின்றன. பனிக்கட்டி உருகுகிறது. திடமாக இருந்த நீர் திரவமான நீர் ஆகிறது, அதற்கு இன்னொரு பொருளின் துணை வேண்டாம், வெப்பம் கிடைத்தால் போதும். சர்க்கரை கரைகிறது. அதற்குத் தண்ணீர் வேண்டும். சர்க்கரையின் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நீர் மூலக்கூறுகளின் நடுவே போய் உட்கார்ந்துகொள்கின்றன. சர்க்கரையை உண்மையில் உருக்க வேண்டுமானால் வெறும் வாணலியில் போட்டு 180 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்க வேண்டும். அப்போதும் அது சும்மா உருகாது, பழுப்பாகிக் கருகவும் தொடங்கிவிடும். தேநீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே தேநீருக்குள் சர்க்கரை உருக வழியே இல்லை.

"காணாமல் போச்சு" என்கிறானே, அதையும் விடாதீர்கள். சமையல் தராசில் 200 கிராம் தண்ணீர் வையுங்கள். 20 கிராம் சர்க்கரையைப் போட்டுக் கலக்குங்கள். தராசு 220 காட்டும். கண்ணுக்குத்தான் மறைந்தது, நாக்குக்கும் தராசுக்கும் மறையவில்லை. அந்த எண்ணை அவனே வாய்விட்டுப் படிக்கட்டும்.

இதோடு நின்றுவிடாதீர்கள், ஏனென்றால் எடை கூடுகிற மாதிரி கொள்ளளவு கூடுவதில்லை. பள்ளியில் 50 மில்லிலிட்டர் எத்தனாலையும் 50 மில்லிலிட்டர் தண்ணீரையும் அளவுக்குழாயில் சேர்த்துக் காட்டுவோம். 100 வராது, 96 அல்லது 97தான் வரும். ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை "நீங்க கொஞ்சம் கொட்டிட்டீங்க" என்று என்னைப் பார்த்துச் சொல்லும். வீட்டில் எத்தனால் வேண்டாம். ஒரு கோப்பை கொண்டைக்கடலையும் ஒரு கோப்பை ரவையும் கலந்து பாருங்கள், இரண்டு கோப்பை ஆகாது. ரவை கடலையின் இடைவெளிக்குள் இறங்கிவிடும். மூலக்கூறுகளின் கதை இதைவிடச் சிக்கலானது, அவை ஒன்றையொன்று இழுக்கவும் செய்கின்றன. ஆனால் ஒன்பது, பத்து வயதுக்கு இந்தக் கடலையும் ரவையும் நல்ல தொடக்கம்.

*கேள்வி: தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கரைசலா, கலவையா? அலுவலகத்தில் பெரிய விவாதம் ஆகிவிட்டது. "துணி வடிகட்டி வழியாக வந்துவிட்டதே, அப்படியானால் கரைசல்தான்" என்கிறார் நண்பர். (ஒரு வாசகர், தெம்பனிஸ்)*

கரைசலும் ஒரு வகைக் கலவைதான், தம்பி. எங்கே எடுத்தாலும் ஒரே சீராக இருக்கிற கலவையைக் கரைசல் என்கிறோம். ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம்: தே தாரேக்கில் எது கரைந்திருக்கிறது, எது கரையாமல் மிதக்கிறது?

சர்க்கரை கரைந்திருக்கிறது. தேயிலையின் நிறமும் துவர்ப்பும் காஃபீனும் பெரும்பாலும் கரைந்திருக்கின்றன. பால் கரைவதில்லை. பாலில் இருக்கும் கொழுப்பு சிறு சிறு உருண்டைகளாகவும், புரதம் அவற்றைவிடச் சிறிய திரள்களாகவும் நீருக்குள் பரவி நிற்கின்றன. தனி மூலக்கூறைவிடப் பல மடங்கு பெரியவை, ஆனால் அடியில் போய்ப் படியும் அளவுக்குப் பெரியவை அல்ல. இப்படிப்பட்டதைத்தான் கூழ்மம் என்கிறோம். ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் கிரஹாம் 1861இல் இதற்கு "கொலாய்டு" என்று பெயர் வைத்தார், பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து. கூழைப் பார்த்துத் தமிழில் பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். கேழ்வரகுக் கூழை ஒரு முறை கிண்டியவருக்குக்கூட அந்தச் சொல் உடனே புரிந்துவிடும்.

நண்பரின் வாதத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். வடிகட்டியைத் தாண்டிவிட்டால் கரைசல் என்று முடிவுகட்ட முடியாது. கோப்பிக்கடைத் துணிப்பையின் கண்களோடு ஒப்பிட்டால் பாலின் கொழுப்பு உருண்டை மிக மிகச் சிறியது. ஆய்வுக்கூட வடிதாளில்கூடப் பால் பெரும்பாலும் இறங்கிவிடும். வடிகட்டி பிடிப்பது தூளையும் சக்கையையும்தான். கூழ்மத்தைப் பிடிக்க வெளிச்சம் வேண்டும்.

இன்று இரவே செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர். ஒன்றில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு நன்றாகக் கரையுங்கள். மற்றதில் நாலைந்து சொட்டுப் பால். விளக்கை அணைத்துவிட்டு கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். சர்க்கரை நீரில் ஒளி போகும் பாதை தெரியாது. பால் நீரில் ஒளிக்கற்றை பளிச்சென்று தெரியும், பக்கத்திலிருந்து பார்த்தால் லேசான நீலம் தட்டும், டார்ச்சுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் ஆரஞ்சு சாயல் வரும். ஜான் டிண்டால் என்ற அறிவியலாளரின் பெயரால் இதை டிண்டால் விளைவு என்பார்கள். வானத்தின் நீலத்துக்கும் அந்தியின் சிவப்புக்கும் காரணமான ஒளிச்சிதறலின் நெருங்கிய உறவு இது. நான் முதன்முதலில் பார்த்தது கூடத்தின் பின்பக்க இருட்டறையில். ஒரு கிளாஸ் பால் தண்ணீருக்குள் காலையும் மாலையும் தெரிந்தன. அன்று வீட்டுக்குப் பேருந்தில் போகும்போது மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மேலே நிற்கும் நுரையும் ஒரு கூழ்மம்தான், திரவத்துக்குள் பரவிய காற்று. உயரத்திலிருந்து இழுத்து ஊற்றும்போது காற்று உள்ளே போகிறது, பால் புரதம் குமிழிகள் உடையாமல் தாங்குகிறது. பால் இல்லாத தே ஓவை எவ்வளவு இழுத்தாலும் அந்த நுரை அப்படி நிற்காது.

மைலோ தூளை மேலே குவித்துத் தரும் பானமான மைலோ டைனோசரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே குவித்த தூள் கரையாமல் நிற்பது, கலக்கினால் சுழல்வது, விட்டுவிட்டால் அடியில் வண்டலாகப் படிவது, இவை தொங்கலின் அடையாளங்கள். கரைசல், கூழ்மம், தொங்கல் மூன்றையும் ஒரே கடையில் ஒரே மேசையில் பார்த்துவிடலாம்.

*கேள்வி: எத்தனை நல்ல உப்பு வாங்கினாலும் ஒரு வாரத்தில் ஜாடியில் தண்ணீர் விட்டுவிடுகிறது. ஊரில் இப்படி இல்லையே. உப்பில் கலப்படமா? (ஒரு பாட்டி, தோ பாயோ)*

கலப்படம் இல்லை அம்மா. காற்றுதான் காரணம்.

சுத்தமான சாப்பாட்டு உப்புக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், உப்பு காற்றிலிருந்து நீராவியை இழுத்து அந்த நீரிலேயே கரையத் தொடங்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் கல் காய்ந்தே இருக்கும். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டுவது சாதாரணம், நண்பகலில் 60களுக்கு இறங்கும். ஆக உங்கள் ஜாடியில் இருக்கும் உப்பு தினமும் இரவில் நனைந்து பகலில் காய்கிறது. நனையும்போது கற்களின் விளிம்பு கரைகிறது, காயும்போது அந்தக் கரைசல் பக்கத்துக் கல்லோடு சேர்த்துப் படிகமாகிறது. கட்டி பிடிப்பது இப்படித்தான். வறண்ட ஊர்களில் காற்று அந்தக் கோட்டைத் தொடுவதே குறைவு.

கல்லுப்பு இன்னும் வேகமாக நீர்த்துப்போகும். கடல்நீரைக் காய்ச்சி எடுக்கும்போது மக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதன் எல்லைக்கோடு 33 விழுக்காடுதான். குளிரூட்டிய அறையிலும் அது ஈரத்தை இழுக்கும்.

இந்தக் குணத்தை நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் தயாரிக்கச் சொன்னார்கள். லிட்டருக்கு 4 கிராம். வெள்ளை வில்லைகளைக் கண்ணாடித் தட்டில் வைத்து நிதானமாக நிறுத்தேன். எண் 4ஐத் தொட்டது, பிறகு தானாகவே ஏறியது. ஒரு வில்லையின் ஓரத்தை எடுத்தேன், மறுபடி ஏறியது. தராசு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். உற்றுப் பார்த்தால் வில்லைகள் வியர்த்துப் பளபளத்தன. நான் நிறுத்தது காரத்தோடு சிங்கப்பூர்க் காற்றின் நீரையும். மறுநாள் நாற்பது பிள்ளைகளுக்கும் நடுநிலையாக்கல் சோதனையில் பியூரெட் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் குழாய்) அளவு கூடுதலாக வந்தது, கரைசல் நீர்த்திருந்ததால். ஆசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் பிள்ளைகள் தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் செய்தார்களே, அது இன்றும் என் மனத்தில் இருக்கிறது. அதன்பின் அந்தப் புட்டியைத் திறந்தால் உடனே மூடுவேன், வேகமாக நிறுப்பேன்.

உங்கள் உப்புக்கு வழி இதுதான். இறுக்கமான மூடியுள்ள ஜாடி, அடுப்புக்கும் தொட்டிக்கும் தள்ளி. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் ஜாடியைச் சாய்த்து உப்புப் போடாதீர்கள், ஆவி நேரே உள்ளே போகும். அரிசி போட்டு வைப்பார்கள், அதை வெறும் வாணலியில் வறுத்து, ஆறவைத்துப் போடுங்கள். வறுத்த அரிசியில் ஈரம் குறைவு, அதனால் கூடுதலாக உறிஞ்சும். மாதம் ஒரு முறை மாற்றுங்கள்.

அடியில் நிற்கும் தண்ணீரைக் கொட்டவேண்டாம். அது 100 கிராம் நீருக்கு 36 கிராம் உப்பு ஏறிய கரைசல், இனி ஒரு கல்லும் கரையாது. அதற்குத் தமிழில் "தெவிட்டிய கரைசல்" என்று பெயர். போதும் போதும் என்று ஆகிவிட்ட தண்ணீர். குழம்புக்கு ஊற்றலாம்.

*கேள்வி: ஊரில் மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது. இங்கே உறையவில்லை என்றால் போலி எண்ணெயா? (உட்லண்ட்ஸ்)*

இல்லை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறையும். இங்கே இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் அதற்குக் கீழே போவதில்லை. புட்டியைக் குளிரூட்டிய அறையில் ஓர் இரவு வைத்தால் வெளுத்துவிடும். உறைதல் என்றாலே நடுங்கும் குளிர் என்று நினைக்கவேண்டியதில்லை. இரும்பு உறைவது 1538 டிகிரியில்.

*கேள்வி: பூசையறையில் வைத்த கர்ப்பூரம் ஏற்றாமலே தேய்ந்துபோகிறது. ஈரத்தில் கரைகிறதா? அம்மா மிளகு போட்டு வைக்கச் சொல்கிறார். (உயர்நிலை மூன்று மாணவி, ஈசூன்)*

கர்ப்பூரம் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. அது உருகவும் இல்லை, உருகியிருந்தால் டப்பாவில் ஈரத் தடம் இருக்கும். திடநிலையிலிருந்து நேரே வாயுவாகிறது, அதுதான் பதங்கமாதல். டப்பாவைத் திறந்ததும் வாசம் வருகிறதே, அது உன் கர்ப்பூரம்தான், மூக்குவரை வந்துவிட்டது. மிளகைவிட இறுக்கமான மூடியைத்தான் நான் நம்புவேன்.

உன் பாடப்புத்தகத்தில் அயோடின் வரும். அதை உருகாத பொருள் என்று எழுதிவிடாதே. அயோடின் 114 டிகிரியில் உருகும். மெதுவாகச் சூடாக்கும்போது அதற்கு முன்பே ஊதா ஆவி கிளம்பிவிடுவதால் திரவத்தை நாம் பார்ப்பதில்லை. வேகமாகச் சூடாக்கினால் குழாயின் அடியில் கருநிறத் திரவத்தை நானே பார்த்திருக்கிறேன். அம்மோனியம் குளோரைடு இன்னொரு வகை. சூடாக்கினால் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, மேலே குளிர்ந்த இடத்தில் மறுபடி சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. பார்ப்பதற்குக் கர்ப்பூரம் போலவே இருக்கும். நடப்பது வேதிமாற்றம்.

*கேள்வி: தீபாவளிக்கு குலாப் ஜாமூன் செய்தால் மறுநாள் பாகு பூத்து, சர்க்கரை படிகமாகிவிடுகிறது. ஏன்? (ஒரு வாசகி, பிடோக்)*

100 கிராம் நீரில் அறை வெப்பநிலையில் சுமார் 200 கிராம் சர்க்கரை கரையும். கொதிநிலையில் 480 கிராமுக்கு மேல் கரையும். நீங்கள் அடுப்பில் நீரை வற்றவிட வற்றவிடப் பாகு இறுகுகிறது, அதன் கொதிநிலையும் 100ஐத் தாண்டி ஏறுகிறது. ஒற்றைக் கம்பி, இரட்டைக் கம்பி என்று விரலால் இழுத்துப் பார்க்கிறோமே, அது செறிவை அளக்கும் முறை. வெப்பமானி இல்லாத காலத்தில் நம் பெண்கள் விரல் நுனியில் வைத்திருந்த அளவுகோல்.

ஆறியதும் தாங்கக்கூடியதைவிடக் கூடுதல் சர்க்கரை பாகுக்குள் தங்கிவிடுகிறது. அதற்கு ஒரு சாக்குதான் வேண்டும்: பாத்திர ஓரத்தில் ஒட்டிய ஒரு கரையாத குறுணை, கரண்டியால் ஒரு கிளறல். உடனே அதைப் பிடித்துக்கொண்டு படிகம் வளரும். நூலில் கற்கண்டு வளர்ப்பது இதே முறைதான், அங்கே வேண்டியது இங்கே வேண்டாததாகிவிடுகிறது. கொதிக்கும்போது அரை மூடி எலுமிச்சைச் சாறு விடுங்கள். அமிலம் சர்க்கரையில் ஒரு பகுதியை குளுக்கோஸ், ஃபுரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கும். வேறு வடிவ மூலக்கூறுகள் நடுவில் நுழைந்தால் படிகம் வரிசைகட்ட முடியாது. பாத்திர ஓரத்தை ஈரத் துணியால் துடையுங்கள். இறக்கியபின் கிளறாதீர்கள்.

*கேள்வி: கடல்நீரை வடிகட்டினால் உப்புப் போகாது என்று பள்ளியில் படித்தேன். துவாசில் இருக்கும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையில் மட்டும் எப்படி வடிகட்டுகிறார்கள்? (தேசிய சேவையில் இருக்கும் வாசகர்)*

நீங்கள் படித்தது வடிதாளைப் பற்றி. கலங்கல் இருந்தால் தெளியவைக்கலாம், வடிகட்டலாம். ஊரில் கலங்கிய நீருக்குத் தேற்றான்கொட்டையை உரைப்பார்கள், படிகாரம் போடுவார்கள். நுண்ணிய மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கீழே படியும். சுத்திகரிப்பு ஆலைகளிலும் திரளவைக்கும் வேதிப்பொருளைச் சேர்த்து இதையேதான் செய்கிறார்கள். ஆனால் கரைந்த உப்பு தெளியாது. பெருங்கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அத்தனையும் தனித்தனி அயனிகளாக. எத்தனை நாள் வைத்தாலும் கீழே இறங்காது.

காய்ச்சி வடிக்கலாம். ஆனால் கொதிநிலையில் இருக்கும் ஒரு கனமீட்டர் நீரை ஆவியாக்க மட்டும் 600 கிலோவாட் மணிக்கு மேல் ஆற்றல் வேண்டும். அந்த வெப்பத்தில் பெரும்பகுதியைத் திரும்பப் பிடித்தாலும் செலவு பெரிது. அதனால்தான் எதிர்ச் சவ்வூடுபரவல். உலர்திராட்சையை நீரில் போட்டால் உப்புகிறதல்லவா? தோல் வழியாக நீர் உள்ளே இருக்கும் சர்க்கரையை நோக்கிப் போகிறது. கடல்நீரும் நன்னீரும் சவ்வின் இரு பக்கம் இருந்தால், நீர் தானாக உப்புப் பக்கம் போகும். அதைத் தடுத்து நிறுத்தவே 27 மடங்கு காற்றழுத்தத்தை ஒட்டி வேண்டும். திருப்பி அனுப்ப அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்துகிறார்கள். அப்போது நீர் மூலக்கூறு சவ்வைத் தாண்டி வருகிறது, உப்பு பின்தங்குகிறது. கனமீட்டருக்கு ஏறத்தாழ 3.5 கிலோவாட் மணியில் வேலை முடிகிறது.

துவாசில் முதல் ஆலை 2005இல் வந்தது. 2022இல் சிங்கப்பூரில் இத்தகைய ஆலைகள் ஐந்தாயின. மரீனா ஈஸ்ட்டில் இருப்பது கடல்நீரையும் எடுக்கும், நல்ல மழை பெய்தால் நீர்த்தேக்கத்து நீரையும் எடுக்கும். 2003இல் அறிமுகமான நியூவாட்டரும் (கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நீர்) இதே வகைச் சவ்வைத் தாண்டி, புறஊதா ஒளியையும் கடந்துதான் வருகிறது. அந்த ஆண்டு ஒரு புட்டி நியூவாட்டரைக் கூடத்தில் ஒரு துளி சூடான கண்ணாடியில் விட்டு ஆவியாக்கிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு துளி கடல்நீர். கடல்நீர் வெள்ளை வட்டம் விட்டுப் போனது. மற்றதன் தடத்தை நான் விளக்கில் சாய்த்துச் சாய்த்துத் தேடினேன்.

*கேள்வி: மாவு கொட்டினா பாத்திரம் மாதிரியே ஆகுது. அப்போ மாவு திரவமா? (ஒன்பது வயது வாசகர், ஜூரோங்)*

இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உன்னுடையது, கண்ணா. அம்மாவிடம் கேட்டு ஒரு தட்டு நடுவில் அரிசியைக் கொட்டு. குன்று மாதிரி நிற்கும். இன்னொரு தட்டில் தண்ணீரை ஊற்று. குன்று நிற்குதா பார். பிறகு ஓர் அரிசியை மட்டும் எடுத்து ஒரு கிண்ணத்தில் போடு, அப்புறம் ஒரு டம்ளரில் போடு. அந்த ஓர் அரிசியின் வடிவம் மாறுதா? மாவுத் துகளும் அப்படித்தான், பூதக்கண்ணாடி இருந்தால் பார். நீ பார்த்ததை வரைந்து அனுப்பு, அடுத்த இதழில் உன் படத்திலிருந்தே தொடங்குகிறேன்.